கருவாட்டில் நாம் சேர்க்காத உப்பு

அப்பா தட்டை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். சுவரில், தேவாலய நாட்காட்டிக்குக் கீழே, ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்று ஆணியில் குத்தி வைக்கப்பட்டிருந்தது. எங்கள் கோலியில் (பம்பாயில் ஒற்றை அறை வீட்டுக்கு அதுதான் பெயர்) அதைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

தட்டில் கஞ்சி. எட்டு நாளாக உப்பில்லாத கஞ்சி. அம்மா ஒரே பானையில்தான் பொங்குவாள். அப்பாவுக்கு உப்பில்லை என்றால் எங்களுக்கும் இல்லை.

தங்கை லில்லி இரண்டு வாய் விழுங்கிவிட்டு, "சொவத்துக்குப் பூசுத சுண்ணாம்பு மாதிரி இருக்கும்மா" என்றாள்.

"உப்பு போட்டுத் தின்னாதானட்டி ரோசம் வரும்? ஒங்க அப்பாக்கு ரோசம் கூடித்தான் ரத்தம் கொதிக்கி. எல்லாருக்கும் சேத்து அடங்கட்டு" என்றாள் அம்மா.

அப்பா சிரிக்கவில்லை. எதிர்க் கோலியில் யாரோ கருவாடு சுட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனை நேராக எங்கள் வாசலுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

"ஏட்டி ரூத்து" என்றார் என்னை. "அந்தச் சீட்ட எடுத்து ஒருக்கா நல்லாப் படி. கருவாடு திங்கக் கூடாதுன்னு எங்கயாவது போட்டிருக்கா?"

சீட்டை எடுத்துக்கொண்டு வெளிச்சத்துக்காக வாசலில் போய் நின்றேன். மாத்திரைகளின் பெயர்களுக்குக் கீழே ஒரு வரி இருந்தது. 'நோ ஆடட் சால்ட்.' மூன்று சொற்கள். மூன்றும் எனக்குத் தெரிந்தவை. 'ஆட்' என்றால் கூட்டு. கணக்கு வகுப்பில் தினமும் செய்வதுதானே!

"நாம கூட்டிப் போடுத உப்புதாம்ப்பா கூடாது. கருவாட்டுல நாம எங்க உப்பு போடுதோம்? அது வரும்போதே அப்பிடித்தான வருது. தின்னலாம்."

"அப்பிடிச் சொல்லு!" என்று அப்பா தொடையில் தட்டினார். "படிச்ச பிள்ள வீட்டுல இருந்தா இதாம் சொகம். பாக்கியம், இனி நீ பேசப்படாது."

அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்லாப் பாத்தியாட்டி?"

"பாத்துட்டேன்."

"இன்னொரு தடவ பாரேன்."

"இங்கிலீசு தெரிஞ்சது ஒனக்கா எனக்காம்மா?"



சீட்டு வந்த விதம்

திலக் நகரிலிருந்து ஒரு வாசகி கடிதம் போட்டிருக்கிறார். இந்தத் தொடரில் குழாயடிச் சண்டையைப் பற்றி நான் எழுதிய சென்ற பகுதியைப் படித்தாராம். 'எல்லாவற்றிலும் நீங்களே ஜெயிக்கிறீர்களே, தோற்றதே இல்லையா?' என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. இது அந்தக் கடிதத்துக்கும் சேர்த்து எழுதுவது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கைநாட்டு. அம்மாவுக்கு அதற்கும் அவசியம் வந்ததில்லை. எனக்குப் பதினான்கு வயதானபோது எங்கள் சந்தில் வரும் கடிதங்கள், தந்திகள், ரேஷன் அட்டைகள் எல்லாம் என் கைக்குத்தான் வரும். பெரிய மனிதர்கள் என் முன்னால் நின்றுகொண்டு காத்திருப்பார்கள். அந்த ருசி சின்ன ருசியல்ல.

ஒருநாள் வேலை செய்யும் இடத்திலேயே அப்பாவுக்குத் தலை சுற்றி, மூக்கில் ரத்தம் வந்துவிட்டது. நான் பள்ளிக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கூடப் போனேன். நீளமான பெஞ்சு. காலையில் உட்கார்ந்து, எங்கள் முறை வரும்போது மத்தியானம் கடந்துவிட்டது.

டாக்டர் இளவயதுக்காரர். அப்பாவின் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தார். மறுபடியும் அடித்துப் பார்த்தார். ரத்தக் கொதிப்பு என்று இந்தியில் சொன்னார். பிறகு சீட்டை எழுதிவிட்டு, என் பள்ளிச் சீருடையைப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டார்:

"உனக்கு இது படிக்க வருமா?"

"யெஸ், சார்."

"நல்லது. வீட்டில் படித்துக் காட்டு. ஏதாவது கேட்க வேண்டுமா?"

"நோ, சார்."

எங்களுக்குப் பின்னால் நாற்பது பேர் நின்றார்கள் என்பது உண்மை. ஆனால் நான் கேட்காததற்கு அது காரணமல்ல. கேட்டால் தெரியாதவள் ஆகிவிடுவேன்.

உப்பில் நின்ற மனிதர்

அப்பா தாராவியில் ஒரு தோல் பதனிடும் கொட்டகையில் வேலை பார்த்தார். உரித்த தோல் அழுகாமலிருக்க அதன்மேல் உப்பை அள்ளிக் கொட்டி, மடித்து, லாரியில் அனுப்புவார்கள். இங்கே வந்ததும் ஒவ்வொரு தோலாக விரித்து உப்பை உதறி, தண்ணீர்த் தொட்டியில் ஊறப் போட வேண்டும். அந்த உதறும் வேலைதான் அப்பாவுடையது. காலையிலிருந்து மாலைவரை அவர் கணுக்கால் அளவு உப்பில் நிற்பார். அது உப்பு என்று சொன்னாலும் ரத்தமும் மயிரும் கலந்த சாம்பல் நிறச் சேறு.

அவருடைய விரல் இடுக்குகள் எப்போதும் வெடித்திருக்கும். சட்டை காய்ந்தால் முதுகில் வெள்ளைக் கோடுகள் தெரியும். அது தோலிலிருந்து ஏறிய உப்பா, அவர் உடம்பிலிருந்து இறங்கிய உப்பா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

அத்தனை உப்பில் நின்றுவிட்டு வந்தும், கஞ்சிக்குப் பக்கத்தில் நாலு கல்லுப்பு வைத்தால்தான் அவருக்குச் சாப்பாடு இறங்கும். ஒரு வாய் கஞ்சி, ஒரு கடி உப்பு. பல்லில் நறுக்கென்று அது உடையும் சத்தம் எனக்குப் பிடிக்கும்.

"வேர்வ போற ஒடம்புக்கு உப்பு வேணும்" என்பது அந்தக் கொட்டகையில் எல்லோருக்கும் வேதம். அப்பா உப்பை விட்டார் என்று தெரிந்ததும் அவருடைய கூட்டாளிகள் விடவில்லை.

"என்னவே மாசிலாமணி, பொண்டாட்டி உப்பக் குறைச்சிட்டாளாமே. இனி அவ என்ன சொன்னாலும் உமக்கு உறைக்காதே!"

"பொண்டாட்டி இல்லவே, டாக்டரு. எம் மவ இங்கிலீசுல படிச்சுச் சொன்னா. நீரு ஒம்ம வீட்ல ஒரு தந்தி வந்தா யாருகிட்டவே ஓடி வாரீரு?"

அவர்கள் வாய் மூடிவிடும். இதை அப்பா வீட்டில் வந்து நடித்தே காட்டுவார்.

நான் தீர்ப்புச் சொன்ன மறுநாள், மாஹிமிலிருந்து கருவாட்டுக் கூடையோடு வரும் கோளி மீனவப் பெண்ணை அம்மா கூப்பிட்டு நிறுத்தினாள். அன்றிலிருந்து காலையில் ஒரு துண்டு, மாலையில் ஒரு துண்டு. கஞ்சியிலும் குழம்பிலும் ஒரு கல் உப்பு கிடையாது. கருவாடு மட்டும் உண்டு. அப்பா முள்ளைக்கூட விடாமல் சப்பிவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

முகத்தில் மறுபடி களை வந்துவிட்டதாக அம்மாவிடம் சொன்னேன். நான் படித்த சீட்டு வேலை செய்கிறது என்று நினைத்தேன்.

மாட்டுங்காவில் ஒரு மத்தியானம்

இதைச் சொல்லாமல் தாண்டிவிடத்தான் முதலில் நினைத்தேன். எழுதிப் பார்த்தால் இதைவிட முக்கியமானது வேறில்லை.

என்னோடு படித்த விசாலம், பாலக்காட்டுக் குடும்பத்துப் பெண். மாட்டுங்காவில் மூன்றாவது மாடி வீடு. பரீட்சைக்குச் சேர்ந்து படிக்க ஒரு சனிக்கிழமை என்னை அழைத்திருந்தாள். அவள் வீட்டுத் தரை அவ்வளவு வழுவழுப்பாக இருக்கும்; என் கால்தடம் விழுகிறதா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டே நடப்பேன்.

அவளுடைய அப்பா ஆபீஸிலிருந்து அரைநாளில் வந்து சாப்பிட உட்கார்ந்தார். அவருக்கு மட்டும் தனியாக ஒரு சின்னக் கிண்ணத்தில் குழம்பு. எல்லோருக்கும் அப்பளம் போட்ட மாமி, விசாலத்தின் அம்மா, அவர் தட்டைத் தாண்டிப் போனாள்.

"ஒண்ணே ஒண்ணு போடேன். பொசுங்கினதாப் பாத்துப் போடு" என்றார் அவர்.

"பொசுங்கினாலும் பொசுங்காட்டாலும் கிடையாது. நாக்கை அடக்கத் தெரியாதவாளுக்கு எதுக்குப் பிரஷரெல்லாம்?"

நான் மெதுவாகக் கேட்டேன். "அப்பளத்துல என்ன இருக்கு மாமி?"

"என்ன இருக்கா? அவ்வளவும் உப்புன்னாடீ கொழந்தே! டாக்டர் உப்புச் சேக்கப்படாதுன்னா, அப்பளாம், உப்பிலிட்டது, வடாம், எல்லாம் அதுல சேர்ந்ததுதான். உப்பு ஜாடிக்குள்ள மட்டுமா இருக்கு?"

அப்பளம் கடையில் வாங்குவது. அதில் மாமி உப்புக் கூட்டவில்லை. ஆனாலும் அது கூடாது. அப்படியானால்?

அடுத்த கேள்வி தொண்டைவரை வந்தது. 'அப்போ கருவாடு, மாமி?'

அந்த வீட்டில், அந்தத் தரையில் உட்கார்ந்துகொண்டு, அந்தச் சொல்லை என்னால் சொல்ல முடியவில்லை. பள்ளியில் என் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் மூக்கைப் பொத்துகிற பெண்கள் இருந்தார்கள். விசாலம் அப்படிப்பட்டவள் அல்ல. ஆனாலும் அவளிடம் நான், 'எங்க வீட்டில மீன் எப்பவாவதுதான்' என்று ஒருமுறை சொல்லி வைத்திருந்தேன். அந்தப் பொய்யைக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

தண்ணீரைக் குடித்துவிட்டு, "சாப்பாடு நல்லாருக்கு மாமி" என்றேன்.

ரயில்பாதைக்கு மேலுள்ள பாலத்தில் ஏறி வீட்டுக்கு நடக்கும்போது எனக்கு நானே வக்கீலானேன். விசாலத்தின் அப்பாவுக்கு எழுதிய டாக்டர் வேறு. அந்தச் சீட்டில் அப்பளம் என்று எழுதியிருக்கலாம். நம் சீட்டில் கருவாடு என்று எழுதவில்லை. எழுதாததை நான் எப்படிப் படிப்பது?

வீட்டில் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "வாட்டி, ஒனக்கும் ஒரு துண்டு எடுத்து வச்சிருக்கேன்" என்றார். எனக்குப் பசியில்லை என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தை விரித்தேன்.

அன்றைக்கு வாயைத் திறந்திருந்தால், 'நான் தப்பாப் படிச்சிட்டேன்' என்ற மூன்று சொற்களோடு போயிருக்கும்.

கால்களில் ஏறிய தண்ணீர்

மழைக்காலம் தொடங்கியபோது அப்பாவின் கால் செருப்புக்குள் போகவில்லை. மழைத் தண்ணீரில் நிற்பதால் என்று நினைத்தோம். பிறகு கணுக்காலை விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. அந்தக் குழி மேலே எழும்பி வர வெகுநேரம் பிடிக்கும். லில்லி அதை ஒரு விளையாட்டாக வைத்துக்கொண்டு அழுத்தி அழுத்திப் பார்ப்பாள். முகமும் வீங்கியதும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு ஓடினோம். கட்டில் கொடுத்துச் சேர்த்துக்கொண்டார்கள்.

அதே இளவயது டாக்டர். அம்மா லில்லியை வீட்டில் விடப் போயிருந்த நேரத்தில் வந்து, என்னை அடையாளம் தெரிந்துகொண்டார். என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டார். இந்தக் கேள்விக்காகவே நான் வாக்கியங்களை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். சமையலில் ஒரு கல் உப்புகூடச் சேர்ப்பதில்லை, வீட்டில் எல்லோருமே உப்பில்லாமல்தான் சாப்பிடுகிறோம் என்று இலக்கணப் பிழையில்லாத ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் தலையசைத்தார்.

"வெறும் கஞ்சியா? தொட்டுக்கொள்ள?"

"ட்ரை ஃபிஷ், சார். எவ்ரி டே."

அவர் பேனாவை மூடினார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம்.

"அது உப்புதானே, அம்மா. கொஞ்சம் மீன், மீதியெல்லாம் உப்பு. அதைச் சாப்பிடலாம் என்று யார் சொன்னது?"

"யாரும் சொல்லவில்லை, சார்" என்றேன்.

அவர் அடுத்த கட்டிலுக்குப் போனதும் அப்பா கேட்டார். "டாக்டரு என்னட்டி சொல்லுதாரு?"

"கருவாட்ட நிப்பாட்டணுமாம்."

"ஏன், அதும் உப்பா?"

"ஆமாப்பா."

நான் காத்திருந்தேன். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

அப்பா பக்கத்துக் கட்டிலில் கிடந்த ரத்னகிரிக்காரரின் பக்கம் திரும்பினார். தனக்குத் தெரிந்த இந்தியில், "மேரா லட்கீ. டாக்டர் கே சாத் இங்கிலீஷ் போல்தா. சுனா க்யா?" என்றார். என் மகள் டாக்டரோடு இங்கிலீஷில் பேசினாளே, கேட்டீரா என்று.

அந்த மனிதர் என்னைப் பார்த்து, "பஹுத் அச்சா" என்று மெச்சினார்.

மழை விடுவதற்குள் அப்பா போய்விட்டார்.

சிறுநீரகம் முன்பே பழுதாகியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். கருவாடு தின்னாமல் இருந்திருந்தாலும் போயிருப்பாரோ, இன்னும் நாலு வருஷம் இருந்திருப்பாரோ, அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்குக் கேள்வி கேட்கிற பழக்கம் அப்போதும் வரவில்லை. கருவாட்டைப் பற்றி டாக்டர் சொன்னதை அம்மாவிடம் நான் சொல்லவும் இல்லை.

ஒரு கல் உப்புகூட

கல்லறையிலிருந்து திரும்பியவர்கள் எங்கள் வாசலில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். "டாக்டர் சொன்னபடி கேட்டிருந்தா மனுசன் இருந்திருப்பாரு" என்று ஒருத்தி இழுத்தாள்.

அம்மா நிமிர்ந்தாள். "யாருட்டி கேக்கல? எம் மவ சீட்டப் படிச்சுச் சொன்னா. அவ சொன்னதுல ஒரு கல்லு உப்பு கூடினதில்ல. எங்க, அவளையே கேளு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஆமாம் என்று தலையசைத்தேன்.

இது நடந்து சில ஆண்டுகள் ஆகிவிட்டன. இப்போது நான் கோட்டைப் பகுதியில் ஓர் ஆபீஸில் தட்டச்சு செய்கிறேன். எங்கள் அடுப்பங்கரையில் ஊறுகாய் இல்லை. அப்பளம் இல்லை. கல்லுப்பைக் கையால் அள்ளிப் போடாமல் கரண்டியால் அளந்து போடுகிறேன். ஒரு மாதம் கஷ்டமாக இருக்கும். பிறகு நாக்கு பழகிவிடும், கத்தரிக்காய்க்குக்கூடத் தனியாக ஒரு ருசி இருப்பது தெரியும். ரொட்டிக்கடை பன்னிலும், வயிற்றுப் பொருமலுக்குக் கலக்கிக் குடிக்கும் சோடா உப்பிலும் இதே சங்கதி உண்டு என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். இப்போது எல்லாவற்றையும் கேட்கிறேன்.

போன மாதம் அம்மாவுக்கும் அதே ரத்தக் கொதிப்பு என்று சொல்லிவிட்டார்கள். அதே வரியோடு ஒரு சீட்டு. மறுநாளே அம்மா கோளிப் பெண்ணை நிறுத்தினாள். நான் தடுத்தேன்.

"ஏம்ட்டி? அப்பாக்குத் தின்னலாம்னு நீதான படிச்சுச் சொன்ன. எனக்கு மட்டும் சீட்டு வேறயா?"

அதற்குப் பதிலாகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. இந்தத் தொடரில் நான் எழுதும் ஒவ்வொரு பகுதியையும் தபாலில் போடுவதற்கு முன் அவளுக்குப் படித்துக் காட்டுவது வழக்கம். பிடிக்காததைப் படிக்காமல் தாண்டினால் அவளுக்குத் தெரியப்போவதில்லை. தாண்டவில்லை. மாட்டுங்காவையும் படித்தேன். 'யாரும் சொல்லவில்லை, சார்' என்றதையும் படித்தேன்.

லில்லி எழுந்து வெளியே போய்விட்டாள். அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. நான் தாள்களை மடித்து வைத்த பிறகும் பொறுக்கிக்கொண்டே இருந்தாள்.

"சுட்டுக் குடுத்தது நாந்தானட்டி" என்றாள் கடைசியில்.

"ஒனக்கு எப்பிடித் தெரியும்மா? நான்தான..."

"கரிக்கித சாமான் எதுன்னு எனக்குத் தெரியாதா? அன்னைக்கு மொதத் துண்டச் சுட்டதும் ஓரத்துல கிள்ளி வாயில போட்டுப் பாத்தேன். உப்பு நாக்கப் புடுங்கிச்சி." முறத்தை ஒருமுறை புடைத்துவிட்டு மடியில் வைத்தாள். "ஆனா நீ சீட்டுல இல்லன்னுட்ட. நீ படிச்ச பிள்ள. எந் நாக்குதான் பொய் சொல்லுதுன்னு நெனச்சேன்."